அம்மா போனில் எத்தனை நிமிடம்?

கேள்வி: எனக்கு வயது 38. டல்லாஸ் பக்கம் சாஃப்ட்வேர் வேலை, அமெரிக்க சிட்டிசன். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். ஜாதகம் அமையாமல் தள்ளிப்போய், இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்புதான் கல்யாணம் ஆனது. மனைவி எம்.எஸ்சி. கணக்கு, தாராபுரத்தில் தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவர். கல்யாணத்துக்கு மூன்று வாரம் லீவில் வந்தேன், அப்புறம் ஒரு பொங்கலுக்குப் பத்து நாள். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால், அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று பதினோரு மாதம் கழித்துத்தான் மனைவியை இங்கே அழைத்துக்கொள்ள ஐ-130 மனு போட்டேன். போன மாதம் அப்ரூவல் வந்துவிட்டது. இனி மும்பையில் இன்டர்வியூ. உண்மையான கல்யாணம்தான் என்பதற்கு ஆதாரம் கேட்பார்களாம். ஜாயின்ட் அக்கவுன்ட் இல்லை. மனைவிக்குத் தனி நம்பர் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில்தான் பேசுவோம். அம்மாவின் வாட்ஸ்அப் கால் லிஸ்டைக் காட்டலாமா? அடுத்த மாதம் ஒரு வாரம் வருகிறேன், அப்போது நாலைந்து புடவை மாற்றி, நாலைந்து இடத்தில் போட்டோ எடுத்து வைக்கலாமா? இன்டர்வியூ கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுவார். மும்பைக்கு அம்மா கூடப் போவார். வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: தம்பி, அந்த டீச்சரின் போன் எங்கே?

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "மனைவிக்குத் தனி நம்பர் இல்லாததால்" என்று, ஏதோ அந்தப் பெண் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்கிற மாதிரி, அதைத் தாண்டி எனக்குப் போக முடியவில்லை. இந்தக் காலத்தில் தனியார் பள்ளி டீச்சருக்குப் போன் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வீட்டுப்பாடம் போவதே வாட்ஸ்அப் குரூப்பில்தான், ராத்திரி பத்து மணிக்கும் யாராவது ஒரு அப்பா சந்தேகம் கேட்டுக்கொண்டிருப்பார். ஆக, அவளிடம் போன் இருந்தது, நம்பர் இருந்தது. நிச்சயம் ஆனதிலிருந்து தாலி கட்டும் வரை நீங்கள் அந்த நம்பரில்தான் பேசியிருப்பீர்கள். அப்போது தினமும்கூடப் பேசியிருப்பீர்கள்.

அப்புறம் அது எங்கே போனது? வேலையை விட்டதும் ரீசார்ஜ் செய்யக் கையில் காசில்லாமல் நம்பர் செத்துவிட்டதா? வீட்டோடு இருக்கிற மருமகளுக்குத் தனி போன் எதற்கு என்று யாராவது சொன்னார்களா? கீழே விழுந்து உடைந்தது, மாற்றித் தர யாருக்கும் தோன்றவில்லையா? இதில் எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தடவை கேட்டிருந்தால் கடிதத்தில் காரணம் எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அவள் தாராபுரத்தில் இருக்கிற தன் அம்மாவிடம் எந்த போனில் பேசுகிறாள்?

அவள் கணக்கு டீச்சர், ஆகவே ஒரு சின்னக் கணக்கு. கல்யாணம் ஆனதிலிருந்து சுமார் 120 ஞாயிற்றுக்கிழமை வந்து போயிருக்கும். அம்மா பேசி, அப்பா முழங்கால் வலியைச் சொல்லி, ஊர் எழவு கல்யாணமெல்லாம் விசாரித்து முடித்து, "இந்தா, அவகிட்ட பேசு" என்று போன் கை மாறும்போது அவளுக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடமோ, பத்து நிமிடமோ. பத்து என்றே வைத்துக்கொள்வோம். 1,200 நிமிடம், அதாவது இருபது மணி நேரம். முழுசாக ஒரு நாள்கூடத் தேறவில்லை. நேரில் இருந்தது இருபத்தொன்றும் பத்தும் முப்பத்தொரு நாள், அதில் விருந்து சாப்பிடப் போன நாளைக் கழிக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. அந்த இருபது மணி நேரத்திலும், மாமியார் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டு ஒரு பெண் புருஷனிடம் என்ன பேச முடியும்? "சாப்பிட்டீங்களா", "அங்க குளிரா", "மாமாவுக்குப் பரவாயில்லை". அவ்வளவுதானே?

இப்போது அம்மாவின் கால் லிஸ்ட். தாராளமாகக் காட்டலாம் தம்பி. நீங்கள் வாரம் தவறாமல் அம்மாவைக் கூப்பிடுகிற நல்ல மகன் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அதற்கு யாரும் விசா தருவதில்லை, அது வேறு விஷயம்.

இந்தப் பகுதிக்கு அமெரிக்க மாப்பிள்ளைகளிடமிருந்தும் அவர்கள் மனைவிகளிடமிருந்தும் நிறையக் கடிதம் வருகிறது. எல்லோருக்கும் ஒரே பயம்தான்: நம் கல்யாணத்தை வெள்ளைக்காரன் நம்புவானா, பெற்றோர் பார்த்து வைத்தது என்றால் சந்தேகப்படுவானா. சென்னையில் கான்சுலேட் இருந்தாலும் இந்தக் குடியேற்ற விசாவுக்கு நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மும்பைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆபீஸர், ஜாதகம் பார்த்து நடந்த கல்யாணங்களைத் தினமும் பார்க்கிறவர். பெண் பார்க்கப் போனது, சீர் தட்டு, ஆயிரம் பேர் நிற்கிற கல்யாண ஆல்பம், எதுவும் அவருக்குப் புதுசில்லை. ஆல்பத்தை அவர் புரட்டுவதைவிட, தாலி கட்டியதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதைத்தான் துருவுவார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பேசுவீர்கள்? கணவர் என்ன வேலை பார்க்கிறார்? கூட யார் தங்கியிருக்கிறார்கள்? பணம் அனுப்புவாரா? என்னைக் கேட்டால், அமெரிக்க அரசாங்கம் கேட்கிற கேள்விகளிலேயே நியாயமான கேள்விகள் இவைதான். உங்கள் மாமனார் கேட்டிருக்க வேண்டியதை ஒரு அந்நியன் கேட்கிறான்.

இதற்குப் பதிலை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லப் போகிறீர்களா? முதுகலை கணக்குப் படித்தவள், பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யாதே, புரிந்துகொள் என்று சொல்லிக் கொடுத்தவள், தன் புருஷனை நோட்டுப் போட்டுப் படித்துவிட்டு மும்பைக்குப் போக வேண்டுமா? வெட்கமாக இல்லையா தம்பி? நாலைந்து புடவை போட்டோ யோசனையை இன்றே குப்பையில் போடுங்கள். இது வெறும் அசிங்கம் மட்டுமில்லை, ஆபத்தும்கூட. ஒரே வாரத்தில் எடுத்த படங்களைப் பல நாள் படங்கள் என்று காட்டுவது விசாவுக்காகச் சொல்லும் பொய். விசாவுக்காக முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாக முடிவு கட்டினால் அந்தப் பெண்ணுக்கு நிரந்தரத் தடை வரைக்கும் போகும். உங்கள் கல்யாணம் உண்மையானது. உண்மையான கல்யாணத்துக்குப் பொய் ஆதாரம் ஜோடித்து, நல்ல கேஸை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மற்ற பேப்பர் சமாசாரம் உங்களுக்குச் சுலபம்தான். டிஎஸ்-260 என்கிற விசா விண்ணப்பப் படிவம், விசா கட்டணம் 325 டாலர், அவளுக்குக் கோவை பாஸ்போர்ட் ஆபீஸ் மூலமாகப் போலீஸ் சான்றிதழ், கல்யாணப் பதிவுச் சான்றிதழ் ஒரிஜினல், பிறப்புச் சான்றிதழ் (அதில் அவள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், நம் ஊரில் வெறும் "பெண் குழந்தை" என்று விட்டுவிட்டவை ஏராளம்), அவர்கள் சொல்கிற டாக்டரிடம் மெடிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகவும் டிகிரியில் இனிஷியல் மட்டும் இருந்தால் பயப்படாமல் இரண்டையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். புருஷன் பெயரைச் சேர்க்கிறேன் என்று இப்போது போய் பாஸ்போர்ட்டை மாற்றாதீர்கள், அப்படி யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டியதால் இரண்டு வருடக் கண்டிஷனல் கிரீன் கார்டு இல்லாமல் நேராகப் பத்து வருடக் கார்டு கிடைக்கும். நீங்கள் தாமதித்ததில் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஐ-864 என்று ஒன்றில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் இருக்கிறது, வரி கட்டுகிறீர்கள், யோசிக்காமல் போட்டுவிடுவீர்கள். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படியுங்கள். அங்கே அரசு போட்டிருக்கிற வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதத்துக்குக் குறையாமல் அவளை வைத்துக்கொள்வேன் என்று அரசாங்கத்திடம் எழுதித் தருகிறீர்கள். அவள் சிட்டிசன் ஆகும் வரை, அல்லது சுமார் பத்து வருட வேலைக் கணக்குச் சேரும் வரை, அல்லது அந்த நாட்டை விட்டே போகும் வரை அது உங்களைக் கட்டும். விவாகரத்து ஆனாலும் விடாது. இவ்வளவு பெரிய வாக்கை ஒரு அரசாங்கத்துக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறவர், அதே பெண்ணுக்கு மாதம் முந்நூறு நானூறு ரூபாய் ரீசார்ஜ் செய்து தரவில்லை.

உங்கள் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. நானும் மாமியாரோடு இருபத்தாறு வருடம் ஒரே சமையலறையில் நின்றவள், கடைசி இரண்டு வருடம் அவரைக் குளிப்பாட்டியதும் நான்தான், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்வது மருமகளின் கடமை இல்லை என்று பேசுகிற கட்சியில் நான் இல்லை. ஆனால் எனக்கு முடியாத ராத்திரிகளில் என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவர் அம்மாவைப் பார்த்தார், மறுநாள் அதைப் பற்றி என்னிடம் பேசினார். கடமை அவருடையது, நான் கூட நின்றேன். நீங்கள் செய்திருப்பது வேறு. உங்கள் கடமைக்கு ஒரு ஆளை வைத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறீர்கள், அந்த ஆளுக்குத் தாலி கட்டியிருக்கிறீர்கள். "அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று" பதினோரு மாதம் மனுவே போடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளைக் கேட்டு முடிவு செய்தீர்களா? கேட்டிருந்தாலும், அம்மா போனில் கேட்டிருப்பீர்கள்.

அப்பாவின் முழங்காலுக்கு ஒரு ஆளை வைக்க டாலர் சம்பளத்தில் முடியும். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சிட்டிசன், பெற்றோருக்கும் மனு போடலாம். அவர்கள் "அந்தக் குளிர்ல நாங்க எதுக்கு" என்பார்கள், சரி, அது அவர்கள் இஷ்டம். ஆனால் அவர்கள் வராததற்கு அவளை அங்கே பிணையாக நிறுத்த முடியாது.

மும்பைக்கு அம்மா வேண்டாம். நீங்கள் போங்கள். இன்டர்வியூவுக்கு மனுப் போட்டவர் வர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, உள்ளே பதில் சொல்லப் போவது அவள்தான், நீங்கள் வெளியே வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். நில்லுங்கள். வாழ்க்கையில் ஒரு நாள் அவளுக்காகக் காத்து நின்றதாக இருக்கட்டும். அடுத்த மாதம் ஒரு வாரம் என்பதை மூன்று வாரமாக ஆக்குங்கள், லீவு இல்லை என்றால் சம்பளமில்லாத லீவு போடுங்கள், கோபியில் உட்காராமல் அவளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்ப் பேசுங்கள். அந்தப் பேச்சில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும்: அமெரிக்கா வர உனக்கு இஷ்டமா? கடிதம் முழுக்க அவள் வருவாள், மனப்பாடம் செய்வாள், புடவை மாற்றுவாள் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் இஷ்டமில்லை என்று சொன்னாலும் சொல்வாள். அதையும் கேட்டுக்கொள்ளத் தயாராகப் போங்கள்.

போனை அடுத்த மாதம் வரும்போது வாங்கி வருகிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். இங்கேயே ஆன்லைனில் ஆர்டர் போட்டால் இரண்டு மூன்று நாளில் கோபிக்கு வந்துவிடும், அவள் பெயரில் போடுங்கள், சிம்மும் அவள் பெயரில் இருக்கட்டும். உங்கள் இரவு ஒன்பது மணி இங்கே காலை ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. தினமும் கூப்பிட முடிகிற நேரம்தான். விசாவுக்கு ஆதாரம் சேர்க்கிறேன் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டே பேசாதீர்கள், அது தானாகச் சேரும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இதைப் படிக்கிற அன்றைக்கே, அது ஞாயிற்றுக்கிழமையாக இல்லாவிட்டாலும், அம்மாவைக் கூப்பிட்டு "போனை அவகிட்ட குடுங்கம்மா, மாடிக்கு எடுத்துட்டுப் போய்ப் பேசட்டும்" என்று சொல்லுங்கள். அவள் மாடிக்குப் போய்ச் சேர்ந்ததும் உன் பழைய போன் எங்கே என்று கேளுங்கள். உடனே பதில் வராது. லைனை வைத்துவிடாதீர்கள்.