வளைத்தால் மட்டும் ‘டக் டக்’: டீலர் பொறுப்பா, என் தலையெழுத்தா?

கேள்வி: பத்து வாரத்துக்கு முன் சிங்கப்பூர் ஊபியில் ஒரு டீலரிடம் ஏழு வயதான ஜப்பானியக் கார் ஒன்றை 46,000 வெள்ளிக்கு வாங்கினேன். எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஏறும்போது முன்சக்கரத்தில் ‘டக் டக் டக்’ என்று சத்தம். நேராக ஓட்டினால் ஒன்றுமில்லை. டீலரைக் கேட்டால், “தேய்மானம் சார், ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான் உத்தரவாதம்” என்கிறார். ‘உள்ளது உள்ளபடியே வாங்குகிறேன்’ என்ற வரியின் கீழ் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வெளிப் பட்டறையில் முன்சக்கர மூட்டை இரண்டு பக்கமும் மாற்ற 680 வெள்ளி கேட்கிறார்கள். மாற்றிவிட்டு டீலரிடம் பணத்தை வாங்க முடியுமா? — ஈசூன் வாசகர்

பதில்: மாற்றாதீர்கள். டீலருக்கு நீங்கள் தரும் அவகாசம் முடியும்வரையாவது.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் சிவி ஜாயின்ட் என்றுதான் தோன்றுகிறது. கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் வெளிமுனையில் இருக்கும் மூட்டு அது. அதன்மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், மூட்டுக்குள் உருளும் எஃகுக் குண்டுகள் தேயும். அப்புறம்தான் சத்தம். அதாவது கிழிசல் முதலில், சத்தம் பிறகு. சத்தம் இப்போது வந்தாலும், கிழிசல் நீங்கள் வாங்கும்போதே இருந்திருக்கலாம். உங்கள் வழக்கே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஆனால் நான் வழக்கறிஞர்தான், மெக்கானிக் இல்லை, நடுவர் மன்றத்தில் தீர்ப்புச் சொல்பவரும் இல்லை. அதனால் முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். கார் நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒருமுறை கேட்கிறதா? அது பெரும்பாலும் அதிர்வைத் தாங்கும் அப்சார்பரின் மேல் மவுன்ட். மேடுபள்ளத்தில் மட்டும் தட்டுகிறதா? வளைவில் கார் சாயாமல் தாங்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்காக இருக்கலாம். நேராகப் போகும்போதும் வேகத்துக்கு ஏற்பத் தட்டினால் வீல் நட்டை உடனே பாருங்கள், டயர் இடுக்கில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கல்லுக்காகச் சட்டம் பேசப் போனவர் என்ற பெயர் வேண்டாம். இன்னொன்று: இடப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் பொதுவாக வலப்பக்க ஜாயின்ட், வலப்பக்கம் என்றால் இடது. கெட்டது ஒரு பக்கம் மட்டும் என்றால் 680 வெள்ளியையும் டீலர் தலையில் கட்ட முடியாது.

இப்போது சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, கைப்பேசியோடு குனிந்து பாருங்கள். ரிம்மின் உட்புறத்தில் கறுப்பாகக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கும். பளபளவென்று ஈரமாக இருந்தால் கிழிசல் புதிது. மண்ணோடு சேர்ந்து தார்போல் இறுகியிருந்தால், ரப்பர் உறையின் விளிம்பும் வெடித்துக் காய்ந்திருந்தால், பழையது. யாரும் துணியை எடுத்துத் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். கிலோமீட்டர் காட்டும் டயலையும் அதே நேரத்தில் ஒரு படம். பிறகு மெக்கானிக்கிடம், கிழிசலின் வயது பற்றி அவர் கருத்தை நாலு வரியில் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2012 செப்டம்பர் 1 முதல் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தில் ‘லெமன் சட்டம்’ என்று நாம் சொல்லும், குறையுள்ள பொருளை வாங்கியவருக்கு நிவாரணம் தரும் பகுதி நடப்பில் இருக்கிறது. பழைய கார்களுக்கும் அது பொருந்தும். கார் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், ஒப்படைக்கும்போதே அந்தக் குறை இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் டீலர் மேல். நீங்கள் பத்தாவது வாரத்தில் இருக்கிறீர்கள். ஆறு மாதம் தாண்டினாலும் கேட்கலாம், ஆனால் பாரம் உங்கள் தோளுக்கு மாறிவிடும்.

‘உள்ளது உள்ளபடியே’ என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தச் சட்டம் தரும் பாதுகாப்பை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக் கழற்றிவிட முடியாது. உத்தரவாத அட்டையும் அப்படித்தான்: டீலர் கூடுதலாகத் தருவது அது, சட்டம் தருவதைக் குறைப்பது அல்ல.

தேய்மானம் என்ற வாதம் மட்டும் கொஞ்சம் கனமானது. ஏழு வயதுக் காரைப் புதுக் காரின் தராசில் நிறுத்த மாட்டார்கள். வயது, விலை, டீலர் என்ன சொல்லி விற்றார் என்பதெல்லாம் கணக்கில் வரும். பிரேக் பேட் தேய்ந்ததற்காக நீங்கள் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். கிழிந்த உறையோடு, கிரீஸ் இல்லாத மூட்டோடு ஒப்படைத்தது வேறு. 46,000 வெள்ளி கொடுத்தவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஏற முடியாத காரை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதும் பாதி வாதம்தான். நீங்கள் செய்த சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைத்தான் உங்கள் மேல் போட முடியும். ஊபி சாலையில் பத்து நிமிடம் நேராக ஓட்டியவருக்கு இது கேட்டிருக்காது. ஆனால் வாங்குமுன் எங்காவது பரிசோதனை செய்து அறிக்கை வாங்கியிருந்தால், அதை இன்றிரவே எடுத்துப் படியுங்கள். ‘உறையில் கிழிசல்’ என்று அதில் இருந்தால், தெரிந்தே வாங்கினீர்கள் என்பார்கள். நானும் வேறு விதமாகத்தான் எழுதியிருப்பேன்.

ஒப்பந்தத்தில் விற்பவர் பெயரையும் பாருங்கள். பழைய கார் கடைகளில் உரிமையாளர் சார்பில் விற்றுக் கொடுப்பதும் உண்டு. அங்கே தனிநபர் பெயர் இருந்தால் லெமன் சட்டம் எட்டாது. அது வணிகருக்கும் பயனீட்டாளருக்கும் இடையில் உள்ளது.

நிவாரணத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பழுதுபார்ப்பது அல்லது மாற்றித் தருவது, டீலர் செலவில், நியாயமான காலத்துக்குள். அது நடக்காவிட்டால்தான் விலைக்குறைப்பு, அல்லது காரைத் திருப்பித் தருவது. முதலிலேயே வெளியில் மாற்றிவிட்டுப் பில்லை நீட்டினால், “எனக்கு வாய்ப்பே தரவில்லையே” என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஒரு மூட்டுக்காகக் காரையே திருப்பித் தருவேன் என்ற பேச்சை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கடன் தவணையையும் நிறுத்தாதீர்கள். அது உங்களுக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் உள்ள கணக்கு.

மெக்கானிக் அறிக்கை கைக்கு வந்ததுமே டீலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் அதையே போடுங்கள். ஒப்படைத்த தேதி, சத்தம் தொடங்கிய தேதி, படங்கள், மெக்கானிக் அறிக்கை, பத்து நாள் அவகாசம். கோபமான வரிகள் வேண்டாம், அந்தக் கடிதத்தை நாளை வேறொருவர் படிக்கக்கூடும். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், அல்லது நேராகச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழி பதியலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட அங்கே இடமில்லை, எனக்கு வருமானம் இல்லாத மன்றம் அது. இந்தத் தொகைக்கு என்னைப் போன்றவரை அமர்த்துவதும் முட்டாள்தனம்.

அதுவரை காரை ரொம்ப ஓட்டாதீர்கள். மூட்டு முழுதாக விட்டுப்போனால் நடுச்சாலையில் நிற்க நேரும், அதோடு “நீங்கள் ஓட்டித்தான் கெடுத்தீர்கள்” என்ற புது வாதமும் டீலருக்குக் கிடைக்கும். அவர் மாற்றித் தர ஒப்புக்கொண்டால், கழற்றிய பழைய ஷாஃப்டைத் தூக்கிப் போட விடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்துவிடுங்கள். புதியது மறுபடி சத்தம் போடுகிறதா என்று தெரியும்வரை அது உங்கள் ஸ்டோர் ரூமில் இருக்கட்டும்.