முதல் கத்தி: செட்டா, ஒன்றா?

சமையலறைக்கு ஆறு கத்தி உள்ள செட்டும் ஒரே ஒரு நல்ல கத்தியும் ஏறக்குறைய ஒரே விலையில் இருக்கின்றன, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றையே வாங்குங்கள். செட்டில் பாதி டிராயரை விட்டு வெளியே வராது.

20 செ.மீ. அலகுள்ள செஃப் கத்தி, அதாவது எல்லா வெட்டு வேலைக்கும் உதவும் அகன்ற சமையல் கத்தி, போதும். துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கட்டும். கார்பன் எஃகு நன்றாகக் கூர் ஏறும், ஆனால் ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். எஃகு எவ்வளவு கடினமானது என்று காட்டும் ராக்வெல் எண் (HRC) 55 முதல் 58 வரை என்று போட்டிருந்தால் நல்லது. வீட்டிலேயே சுலபமாகத் தீட்டலாம், விளிம்பும் சட்டென்று சில்லு பெயராது. எஃகு அடுக்குகளால் அலகில் தெரியும் டமாஸ்கஸ் அலைக்கோலத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்; மலிவான கத்திகளில் பெரும்பாலும் அது லேசரால் மேலே பொறித்த வெறும் படம்தான்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது, வெட்டும் விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியது என்பது. அங்கே தடிமனாக இருந்தால், எவ்வளவு தீட்டினாலும் கேரட் சீராக வெட்டுப்படாது. பாதியில் டக்கென்று பிளக்கும். அப்புறம், பிடியைப் பிடித்து அலகை மேஜையில் வைத்துப் பாருங்கள். விரல் முட்டிகள் இடித்தால் அந்தக் கத்தி வேண்டாம்.

மிச்சக் காசில் 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) சாணைக்கல் ஒன்று வாங்குங்கள். அலகைக் கல்லின் மேல் 15 முதல் 20 டிகிரி கோணத்தில் வைத்துத் தீட்டுங்கள். கண்ணாடிப் பலகையில் மட்டும் வெட்டாதீர்கள், ஒரே வாரத்தில் மழுங்கிவிடும். தக்காளித் தோலில் கத்தி வழுக்க ஆரம்பித்தால் கல்லை எடுக்க வேண்டியதுதான்.