வாதம் விழுந்த கைக்குப் பயிற்சி: கேள்வி பதில்

அம்பாசமுத்திரத்தில் இருந்து: அண்ணாச்சி, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூணு வாரம். இடது கை துவண்டு கெடக்கு. தூக்கி உக்கார வச்சா தோள் வலிக்குங்காவ.

பதில்: கையைப் பிடித்து இழுக்காதீங்க தம்பி, கக்கத்தில் கைகொடுத்தும் தூக்காதீங்க. தோள் தசை துவண்டால் கையின் பாரமே மூட்டைக் கீழே இறக்கிவிடும். தோள் எலும்பின் முனைக்குக் கீழே விரல் வைத்துப் பாருங்க. ஒரு விரல் பதியும் பள்ளம் இருந்தால் மூட்டு இறங்கியிருக்கிறது. உட்காரும்போது முழங்கை முதல் விரல் நுனிவரை தலையணைமேல் இருக்கட்டும். எழுப்பும்போது முதுகுப்பக்கத் தோள்பட்டையிலும் இடுப்பிலும் கைகொடுங்க. கப்பியில் கயிறு மாட்டி இழுக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம், வலி கூடும்.

மேலப்பாளையத்தில் இருந்து: அம்மா பீடி சுத்துறவங்க. வலது மணிக்கட்டு, விரல் கொஞ்சம் நிமிருது. ஆனா எல்லாத்துக்கும் இடது கைதான்.

பதில்: நல்ல கைக்கு உறை மாட்டுங்க தாயி, அப்பதான் வாதக் கை வேலை செய்யும். மணிக்கட்டும் விரல்களும் 10 டிகிரியாவது நிமிர்ந்தால்தான் இது பலிக்கும். அமெரிக்காவில் 222 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை, இரண்டு வாரம், நாளுக்கு 6 மணி நேரம்வரை பயிற்சி. ஒரு வருஷம் கழித்தும் பலன் நின்றது. வீட்டில் 2 மணி நேரத்தில் தொடங்குங்க. அடுப்படி, குளியல், படியேறும்போது உறையைக் கழற்றிவிடணும்.

அவங்க கைக்குத் தெரிந்த வேலையையே கொடுங்க. முதலில் பீடிக்கட்டை எடுத்துத் தட்டில் வைக்கட்டும்; அப்புறம் புளியமுத்து பொறுக்கட்டும்; பிறகு தூள் இல்லாமல் ஈர இலையை மட்டும் சுருட்டட்டும். கை எட்டாதபோது உடம்பு முன்னே சாயும், தோள் தூக்கும். அது கையின் வேலையைத் திருடுகிறது. மார்பைத் துண்டால் நாற்காலியோடு லேசாகக் கட்டுங்க, பொருளைக் கிட்ட வையுங்க.

தென்காசியில் இருந்து: ரப்பர் பந்து பிசையலாமா?

பதில்: விரல் இறுகி மடங்குகிற கைக்கு வேண்டாம். அதற்குக் குறைச்சல் விரிப்பதில்தான். டம்ளரைப் பிடித்து, விடுவதைப் பழக்குங்க.

வள்ளியூரில் இருந்து: பைக் விபத்துல தம்பிக்குத் தலையில அடி. விரல் அசையவே இல்ல.

பதில்: கண்ணாடிப் பயிற்சி. கை இழந்தவர்களின் வலிக்காக வி. எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த முறை இது. கண்ணாடியை நெஞ்சுக்கு நடுவே, இரண்டு கைக்கும் இடையில், நல்ல கை அதில் தெரியும்படி நிறுத்தி, வாதக் கையைப் பின்னால் மறைங்க. பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே நல்ல கையை அசைக்கட்டும்; வாதக் கையே அசைவதுபோலத் தெரியும். நல்ல கை மோதிரம், கயிறெல்லாம் கழற்றணும். இல்லாவிட்டால் பிம்பத்தைத் தன் கையென்று மூளை நம்பாது. தலைக்காயத்தில் கவனம் சீக்கிரம் களைக்கும். 30 நிமிஷத்தை மூன்று 10 நிமிஷமாகப் பிரிங்க. வாரம் ஐந்து நாள், நாலு வாரம் விடாமல் செய்யணும். ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாட்டா, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்க.