லேபிளில் 37,000, படிகத்துக்குப் போவது எத்தனை?

கேள்வி: எங்கள் லேபில் 3 அங்குல விட்டமும் 3 அங்குல உயரமும் உள்ள சோடியம் அயோடைடு படிகம் வைத்த, காமா கதிர்களை எண்ணும் டிடெக்டர் இருக்கிறது. சீசியம்-137 சோர்ஸை 25 செ.மீ. தள்ளி வைத்து 600 விநாடி எண்ணினேன். 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பீக்கில், பின்னணி போக 30,400 கவுண்ட். சோர்ஸ் லேபிளில் 1 மைக்ரோகியூரி என்றும், 15 வருடத்துக்கு முந்தைய தேதியும் இருக்கிறது. செயல்திறன் (வந்த காமாவில் பீக்கில் எண்ணப்பட்ட பங்கு) 0.14 சதவீதம்தான் வருகிறது. சீனியரின் ரெக்கார்டிலோ 40 சதவீதம்! டிடெக்டர் போய்விட்டதா?
– எம்.எஸ்ஸி. இயற்பியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: டிடெக்டருக்கு ஒன்றுமில்லை. 1 மைக்ரோகியூரி என்றால் விநாடிக்கு 37,000 சிதைவு. 30,400-ஐ 37,000 × 600 ஆல் வகுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் லேபிள் தேதி. சீசியம்-137இன் அரை ஆயுள் ஏறக்குறைய 30 வருடம். 15 வருடம் போனால் 0.707 பங்குதான் மிச்சம். 37,000 இப்போது சுமார் 26,200. அப்புறம், ஒவ்வொரு சிதைவிலும் 662 காமா வராது. நூற்றுக்கு 85 தடவைதான் வரும். ஆக விநாடிக்கு சுமார் 22,300 காமா. 600 விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். இதால் வகுத்தால் 0.23 சதவீதம்.

சரி, சீனியரின் 40 எங்கிருந்து வந்தது? சோர்ஸ் எல்லாத் திசையிலும் காமாவை வீசுகிறது. 25 செ.மீ. தள்ளி இருக்கும் உங்கள் படிகத்தின் முகத்தில் விழுவது அதில் 0.57 சதவீதம். ½(1 − d/√(d²+r²)) என்ற சூத்திரத்தில் தூரம் d = 25 செ.மீ., படிகத்தின் ஆரம் r = 3.81 செ.மீ. போட்டுப் பாருங்கள். 0.23-ஐ 0.57ஆல் வகுத்தால் அதே 40! உங்களுடையது சோர்ஸிலிருந்து கிளம்பிய எல்லாவற்றையும் வைத்த கணக்கு. அவருடையது படிகத்தின் மேல் விழுந்ததை மட்டும் வைத்தது. எதை எழுதினாலும் எந்தக் கணக்கு, எத்தனை செ.மீ. என்று பக்கத்திலேயே எழுதாவிட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பிரயோசனமில்லை.

முகத்தில் விழுந்தவற்றில் ஏன் 40தான்? முழு ஆற்றலையும் படிகத்திலேயே விட்ட காமா மட்டும்தான் பீக்கில் சேரும். நடுவில் நேராகப் பாயும் காமாவில் 100க்கு 88 வரை படிகத்துக்குள் எங்காவது மோதிவிடும். ஓரமாக நுழைபவை சீக்கிரம் வெளியேறிவிடும். மோதியதிலும் பாதிக்குப் பாதி, காம்ப்டன் சிதறலில் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு மீதியோடு தப்பித்துவிடும். அவை பீக்குக்கு இடப்பக்கம் தெரியும் மேட்டில் போய்ச் சேரும்.

தூரத்தை அளக்கும்போது கவனம். படிகத்தின் முகம் அலுமினிய உறைக்கு உள்ளே இருக்கிறது. உறையிலிருந்து அளந்தால் கணக்கு தப்பும். 5 மி.மீ. பிசகு 25 செ.மீ.யில் 4 சதவீதம், 5 செ.மீ.யில் 13 சதவீதம். அதனால்தான் தள்ளி வைக்கச் சொல்கிறோம், கவுண்ட் குறைந்தாலும் பரவாயில்லை. 30,400 கவுண்டில் புள்ளியியல் பிழை 0.6 சதவீதம்தான். லேபிள் மதிப்பிலேயே 5 சதவீதப் பிழை இருந்தால், ராத்திரி முழுக்க ஓடவிட்டாலும் பதில் தேறாது.

அடுத்து கோபால்ட்-60 எடுப்பீர்கள். அதில் 1173, 1332 என இரண்டு காமா அடுத்தடுத்து, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வரும். கிட்டத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து 2505இல் புதுப் பீக் முளைக்கும். தனிப் பீக்குகளில் கவுண்ட் குறையும். அதற்கும் இந்த 25 செ.மீ.யையே வைத்துக்கொள்ளுங்கள்.