ஊசியைப் பார்த்தாலே மயங்கிவிடுகிறேன்!

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம், முதல் குழந்தை. சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் கண் இருட்டி விழுந்துவிடுவேன். கிராமச் செவிலியர் தடுப்பூசி போட வரும்போதெல்லாம் காய்ச்சல் என்று சொல்லி நழுவிவிட்டேன். "ஊசிக்கே நடுங்குறவ எப்படிப் பிள்ளை பெத்துக்கப் போற?" என்கிறார் மாமியார். என்ன செய்வது? - ஒரு வாசகி

பதில்: மாமியார் கேட்டதை முதலில் மனதிலிருந்து இறக்கிவையுங்கள். இது கோழைத்தனமே இல்லை. பாம்பைக் கண்டு பயந்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஊசி, ரத்தம் என்றால் மட்டும் சிலருக்கு ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். வியர்த்துக் கொட்டி, ஆள் சரிந்துவிடுவார். பெரும்பாலும் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அதனால் 'தைரியமா இரு' என்று சொல்லிப் பயனில்லை. 'உடம்பைத் தளர விடு' என்பதும் உங்களுக்கு உதவாது. சுவீடன் உளவியலாளர் லார்ஸ் ஓஸ்ட் 1980களில் வகுத்த பயிற்சி இதற்கு நேர்மாறானது. உட்கார்ந்துகொண்டு கை, கால் தசைகளை இறுக்குங்கள். 10-15 விநாடியில் முகத்தில் லேசாகச் சூடு ஏறுவது தெரியும். அப்புறம் இறுக்கத்தை விட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். இப்படி ஐந்து முறை. கர்ப்ப காலம் என்பதால் வயிற்றை இறுக்க வேண்டாம், மூச்சையும் அடக்காதீர்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வீட்டிலேயே தினமும் பழகுங்கள்.

ஊசி அன்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள். "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கிட்டே போட்டுக்கிறேன்" என்று செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, ஊசி போடும் கையை மட்டும் தளர விட்டு, கால்களை இறுக்குங்கள். போட்டபின் கால் மணி நேரமாவது எழாதீர்கள். கேலி செய்யாத ஒருவர், கணவரோ அக்காவோ, பக்கத்தில் இருக்கட்டும்.

ஆனால் இனிமேல் காய்ச்சல் சாக்கு வேண்டாம், அம்மா. செவிலியர் போட வந்த அந்த டி.டி. ஊசி, அதாவது ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி, உங்களுக்கு மட்டுமல்ல. உங்கள் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய், பிறந்த முதல் நாட்களில் ரண ஜன்னி வராமல் காக்கிறது. பச்சிளம் குழந்தைகளைக் கொன்ற அந்த நோயை 2015-இல் இந்தியா கட்டுக்குள் கொண்டுவந்ததில் இந்த ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு. கிருமி மண்ணில் இன்னும் இருக்கிறது. முதல் கர்ப்பத்தில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இந்த வாரமே செவிலியரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதற்கும் தயக்கமாக இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்துப் பேசுங்கள்.