வாலறுந்த ஆங்கிலம்

அன்புள்ள ஐயா,

ரங்கூன் தாம்வேயிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம் என்று வளர்ந்தவள். வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். லிசனிங் 5.5, ரீடிங் 6.5, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6. மொத்தம் 6 என்று வந்தது. கல்லூரி கேட்பது 6.5. டியூஷன் சார் 40 கட்டுரைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார். பிரிட்டிஷ் உச்சரிப்புக்குத் தனி வகுப்பு நடக்கிறது, சேர்ந்துகொள் என்கிறாள் தோழி. நம் பர்மாத் தமிழர் பேச்சு வெள்ளைக்காரருக்குப் புரியாததால்தான் மதிப்பெண் குறைகிறதா? எந்தப் புத்தகம் வாங்கலாம்? மூன்று மாதம் போதுமா? வீட்டில் எழுதிப் பார்த்த லிசனிங் தாளின் படத்தை இணைத்திருக்கிறேன். "மை டீச்சர் சே ஐ நீட் மோர் வேர்ட்." டீச்சரிடமிருந்து இதுவரை எனக்குக் கிடைத்த ஆலோசனை இது ஒன்றுதான்.

ம.

அன்புள்ள ம.,

கடிதத்தைவிட அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பர்மாத் தமிழ்ப் பிள்ளைகளின் ஆங்கிலம் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று கொஞ்ச நாளாகவே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் பென்சில் எழுத்து அதைக் கண்முன் கொண்டுவந்து வைத்துவிட்டது.

40-இல் 21 சரி. தவறான 19-இல் 12 உண்மையிலேயே தவறு, அவற்றை விடுங்கள். மீதி ஏழைப் பாருங்கள். டிக்கெட்ஸ் என்பதற்கு டிக்கெட். கிளவ்ஸ் என்பதற்கு கிளவ். பிரிட்ஜஸ், போட்டோகிராப்ஸ், பேட்டரீஸ் மூன்றிலும் கடைசி ஸ் இல்லை. ரிலாக்ஸ்ட் என்பதற்கு ரிலாக்ஸ், பேக்ட் லன்ச் என்பதற்கு பேக் லன்ச். ஏழிலும் சொல்லைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், வால் மட்டும் கையில் சிக்கவில்லை. லிசனிங்கில் பாதி மதிப்பெண் கிடையாது. வாலில்லாத சொல்லுக்குச் சுழியம்தான். அந்த ஏழும் கிடைத்திருந்தால் 28. சுமார் 23 சரியானால் 6, சுமார் 30 சரியானால் 7 என்பது கணக்கு. அப்படியானால் 28 என்பது 6.5.

இப்போது ஒரு கூட்டல் போடுங்கள். உங்கள் நான்கு மதிப்பெண்களும் சேர்ந்து 23.5, சராசரி 5.875. அதை அரைப் புள்ளிக்கு ஏற்றி 6 என்று கொடுத்துவிட்டார்கள். கூட்டுத்தொகை 25 வந்தால் சராசரி 6.25, அதை 6.5 ஆக்கிவிடுவார்கள். ஆக உங்களுக்குக் குறைவது ஒன்றரை. லிசனிங் 6.5 ஆனால் அதில் ஒன்று வந்துவிட்டது. ரைட்டிங்கில் அரை ஏறினால் கல்லூரி கேட்டதும் வந்துவிட்டது.

உங்கள் டீச்சர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒற்றை ஆங்கில வாக்கியத்திலேயே இரண்டு வால் அறுந்து கிடக்கிறது. 'சேஸ்' என்று வர வேண்டும், 'வேர்ட்ஸ்' என்று வர வேண்டும். கூடுதல் சொற்கள் உங்களுக்கு வேண்டியதில்லை, அம்மா. இருக்கிற சொற்களை முழுசாக முடிக்க வேண்டும்.

இது உங்கள் தனிப்பட்ட குறை இல்லை. இரண்டு மொழிகள் சேர்ந்து செய்கிற வேலை. தமிழில் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய் எதுவும் சொல்லின் ஈற்றில் நிற்காது. அப்படி ஒரு சொல் வெளியிலிருந்து வந்தால் உகரத்தை ஒட்டவைத்து உட்காரவைப்போம்: பஸ்ஸு, கேட்டு, கேக்கு. பர்மியத்தில் வழி வேறு. எழுத்தில் க், த், ப் எல்லாம் தலையில் கொக்கி போட்டு ஈற்றில் நிற்கும். ஆனால் வாயில் அவை ஒலிப்பதில்லை, எல்லாம் தொண்டையடைப்பாகிவிடுகின்றன. ஈற்றில் மூக்கெழுத்து இருந்தால் உயிரே மூக்கால் ஒலிக்கும். டீக்கடையில் கேக் கேளுங்கள், பிறகு பஸ் நிற்கிற கேட் எங்கே என்று கேளுங்கள். முதல் ஒலி வேறு (k, g), வாலைப் பொறுத்தவரை இரண்டும் 'ஏ' என்று தொண்டையை அடைத்து நிறுத்துவதுதான். மினிட் என்பது 'மினி' என்று வெட்டுப்பட்டு நிற்கும். லைசென்ஸ் 'லைன்சின்' ஆகி, ஸ் இருந்த இடத்தில் மூக்கொலி மட்டும் மிஞ்சும்.

பர்மாத் தமிழருக்கு இரண்டு நோயும் உண்டு, ஆனால் ஒரே நேரத்தில் வராது. அம்மாவிடம் பேசும்போது கேக்கு. ஆங்கிலம் பேசும்போது பள்ளிக்கூட வாய் முன்னால் வந்துவிடும், வெட்டு. லைக், லைட், லைஃப், லைஸ் நான்கையும் வேகமாகச் சொல்லி போனில் பதிந்து கேட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே 'லை'யாக வந்தால் பயப்படாதீர்கள், ரங்கூனில் பாதிப் பேருக்கு அப்படித்தான் வரும். ஐயெல்ட்ஸையே 'ஐயெல்' என்று சொல்லிக்கொண்டுதானே விண்ணப்பம் நிரப்புகிறோம்.

வாயில் இல்லாத ஒலியைக் காது தேடாது. காதில் விழாததைக் கை எழுதாது. ஒரே ஓட்டை மூன்று தேர்வுகளில் ஒழுகுகிறது. ஆங்கிலத்தில் அந்த ஸ் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற ஒலி இல்லை. பன்மை அதில்தான் இருக்கிறது. 'ஷீ வர்க்ஸ்' என்பதில் அவள் என்பது அதில் இருக்கிறது. யாருடையது என்பதும், 'இஸ்', 'ஹேஸ்' என்ற துணைவினைகளின் சுருக்கமும் அதில்தான். தமிழில் 'வந்தாள்' என்பதில் ஆள் விகுதியை விழுங்கிவிட்டு 'வந்த' என்று மட்டும் சொல்லி நிறுத்துவீர்களா?

உச்சரிப்பு வகுப்பைப் பற்றி: சேராதீர்கள். இந்தத் தேர்வில் எந்த நாட்டுச் சாயல் என்பதற்கு மதிப்பெண் இல்லை. எளிதில் புரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ்காரர் மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு வாலை விட்டுவிட்டால் வேஷமும் போச்சு, மதிப்பெண்ணும் போச்சு.

40 கட்டுரை மனப்பாடம்? மெட்ரிக் பரீட்சைக்குச் சத்தம்போட்டு ஒப்பித்துப் பழகிய நாடு, விட மனசு வராது. ஆனால் மனப்பாடம் செய்து எழுதியதைக் கண்டுபிடிக்கத் திருத்துபவர்களுக்குப் பயிற்சி உண்டு. தலைப்பு சற்றே திரும்பினால் உங்கள் கட்டுரை கேள்விக்குப் பதிலாகவே இருக்காது. அந்தத் தாள்களைக் கடலை மடிக்கக் கொடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். லிசனிங்கில் ஒலி ஒரே ஒரு தடவைதான் ஓடும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்பு கேள்வியைப் படிக்கச் சில நொடிகள் தருவார்கள். அந்த நொடிகளில் பிள்ளைகள் விடையை ஊகிக்கப் பார்க்கிறார்கள், வீண். நீங்கள் காலியிடத்துக்கு இடப்பக்கம் மட்டும் பாருங்கள். 'எ', 'ஆன்' இருந்தால் ஒருமை, ஓரத்தில் 1 போடுங்கள். 'டூ', 'மெனி', 'செவரல்' இருந்தால் பன்மை, ஸ் போடுங்கள். எதுவுமே இல்லாவிட்டால்தான் கவனம் வேண்டும். 'விசிட்டர்ஸ் மஸ்ட் ஷோ' என்று இருக்கிறது, அடுத்துக் காலியிடம், அதற்கடுத்து 'அட் த கேட்'. எண்ணக்கூடிய பொருள் 'எ' இல்லாமல் தனியே நின்றால் அது பன்மையாகத்தான் இருக்க முடியும். ஒரு சொல் மட்டும் என்று நிபந்தனை போட்டிருந்தால் 'எ டிக்கெட்' என்றும் எழுத முடியாது, அது இரண்டு சொல். ஆகவே டிக்கெட்ஸ். உங்கள் காது அந்த ஸ்-ஐத் தவறவிட்டாலும் இலக்கணம் பிடித்துக் கொடுத்துவிடும். அந்த ஐந்து பன்மைகளில் நான்கைக் காதே இல்லாமல் மீட்டிருக்கலாம், தாளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். தண்ணீர், தகவல், சாமான் மாதிரியான சொற்களுக்கு ஆங்கிலத்தில் பன்மை கிடையாது. 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'லக்கேஜஸ்' என்று அங்கே வாலைக் கொண்டுபோய் ஒட்டிவிடாதீர்கள்.

பேக்ட் லன்ச் சற்றுக் கடினம். அங்கே அந்த ட் காதில் விழாததில் உங்கள் தப்பு பெரிதாக இல்லை. அடுத்த சொல் மெய்யெழுத்தில் தொடங்கினால் ஆங்கிலேயரே ட்-ஐ விழுங்கிவிடுவார்கள். 'நெக்ஸ்ட் வீக்' என்பது அவர்கள் வாயிலும் 'நெக்ஸ் வீக்'தான். அடுத்தது உயிரெழுத்தானால் வால் நகர்ந்து அடுத்த சொல்லின் தலையில் போய் உட்காரும்: 'நெக்ஸ்ட் ஆப்ஷன்' என்பது 'நெக்ஸ் டாப்ஷன்'. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று கோயில் தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்களே, அதே புணர்ச்சிதான். ஆகவே பயிற்சியை இங்கிருந்தே தொடங்குங்கள். தனிச் சொல்லின் ஈற்றில் ட் சொல்ல வராத வாய்க்கு 'டாப்ஷன்' என்று சொல்ல வரும். 'கேட்ஸ் ஆர் ஓப்பன்' என்பதை 'கேட் சார் ஓப்பன்' என்று பத்துத் தடவை சொல்லுங்கள். பிறகு 'ஆர்' என்பதைச் சொல்லாமல், சொல்ல வாயெடுத்த நிலையிலேயே நிறுத்துங்கள். 'கேட்ஸ்' முழுசாக நிற்கும், உகரமும் ஒட்டாது.

ஸ்-ஐ முதலில் பிடியுங்கள், ட், க், ப் எல்லாம் அப்புறம். அந்த மூன்றையும் ஆங்கிலேயர் அரைகுறையாக விடுவார்கள், ஸ்-ஐ விடமாட்டார்கள். அது மூன்று விதமாக ஒலிக்கும். க், ப், ட், ஃப் பின்னால் சீறல். உயிர், ம், ன், ல் பின்னாலும், தொண்டை அதிரும் க், ப், ட் (ஆங்கில g, b, d) பின்னாலும் தொண்டை அதிரும் சீறல். விரலைக் கழுத்தில் வைத்தால் 'பேக்ஸ்' என்று பைகளைச் சொல்லும்போது அதிர்வு தெரியும், 'புக்ஸ்' என்னும்போது தெரியாது. ஸ், ஷ், ச், ஜ் பின்னால் தனி அசையாகவே வரும்: 'பஸ்ஸஸ்', 'பிரிட்ஜஸ்'. இறந்தகால வாலுக்கும் இப்படியே மூன்று. 'வாண்டட்', 'நீடட்' போல ட் ஓசைக்குப் பின் மட்டும்தான் தனி அசை. 'வாக்ட்' என்பதை 'வாக்கெட்' என்று இழுப்பது வாலை அறுப்பதற்கு நேர் எதிரான தப்பு. டியூஷனில் பயந்து பயந்து படித்தவர்கள் அதைச் செய்வார்கள்.

தினமும் இருபது நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். கரண்ட் வந்திருக்கும்போதே ஒலிப்பதிவுகளை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் இயர்போன் போதும். ஒரு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்துப் பத்துப் பத்து நொடியாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு பத்து நொடியையும் மூன்று தடவைக்கு மேல் ஓட்டாதீர்கள். பிறகு புத்தகத்தின் பின்னால் இருக்கும் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, வால் தவறிய இடங்களில் மட்டும் சிவப்புப் பென்சில் வையுங்கள். எண்ணி நோட்டில் தேதியோடு குறியுங்கள். வேறு தப்புகளை அன்றைக்குத் தொடவே கூடாது. கடைசியாக அதே துண்டை வாலை மட்டும் அழுத்திச் சத்தமாகப் படித்துப் பதிந்து, மறுநாள் காலையில் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் நீங்கள் சொல்லாததையும் சொன்னதாகக் காது சாட்சி சொல்லும்.

பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் குறிப்பெழுத ஒரு நிமிடம் தருவார்கள். பெயர்ச்சொற்களை எழுதாதீர்கள், அவை தானே வரும். வினைகளை வாலோடு எழுதுங்கள். திஞ்சான் பண்டிகையில் தண்ணீர் ஊற்றியதைச் சொல்ல வந்து 'வீ போர் வாட்டர்' என்றால், போன வருஷம் ஊற்றினீர்களா, எப்போதும் ஊற்றுவீர்களா? குறிப்பில் 'போர்ட்' என்று இருந்தால் வாயும் அதைத் தேடும்.

எழுத்தில் இரண்டாம் கேள்விக்கு முதல் கேள்வியைப் போல இரண்டு மடங்கு கனம். அதற்கு 40 நிமிடம், முதலாவதற்கு 20. அந்த நாற்பதில் கடைசி மூன்று நிமிடத்தை எழுதாமல் வையுங்கள். கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள், அப்போதுதான் பொருளில் மயங்காமல் சொற்கள் கண்ணில் படும். ஒவ்வொரு வினையின் எழுவாயையும் விரலால் தொடுங்கள், ஒருமையா பன்மையா என்று மட்டும் கேளுங்கள். 'பீப்பிள் திங்க்ஸ்', 'கவர்ன்மெண்ட் ஷுட் ஹெல்ப்ஸ்' இரண்டும் அப்போது பிடிபடும். லிசனிங் தாளில் எழுதும் தேர்வாக இருந்தால் விடைகளை எடுத்தெழுத 10 நிமிடம் உண்டு, அதில் பாதி வாலுக்கு. கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். அங்கே ஓரத்தில் 1, ஸ் போட்டுவைத்த குறிகள்தான் கைகொடுக்கும்.

எந்தப் புத்தகம் என்றும் கேட்டிருந்தீர்கள். கேம்பிரிட்ஜ் வெளியிட்ட பழைய தேர்வுத்தாள் தொகுப்பு எதுவானாலும் சரி, பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் சரி. ஒலிப்பதிவும் பின்பக்கத்து எழுத்து வடிவமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று மாதம் போதுமா என்பதற்கு நோட்டுதான் பதில் சொல்ல வேண்டும். முழு லிசனிங் தாள்கள் நான்கை அடுத்தடுத்து எழுதி, ஒவ்வொன்றிலும் வாலால் போனது ஒன்றைத் தாண்டாவிட்டால் அன்றைக்குப் பணம் கட்டித் தேதி வாங்குங்கள். அதற்கு முன் வாங்காதீர்கள்.