தலையில்லாத கல்தூண்

கேள்வி: இங்கிலாந்து கிராமத்து தேவாலயப் படங்களில், புல்தரையில் நாலைந்து படிகள், அதன்மேல் மொட்டையாக ஒரு கல்தூண் நிற்கிறதே, அது யாருடைய கல்லறை?

பதில்: தனி ஒருவருடையது இல்லை. அது இடைக்காலச் சிலுவையின் மிச்சம். அந்தக் காலத்தில் சாதாரண ஜனங்களின் குழிமேல் பெயர் வெட்டிய கல் நடுவது அபூர்வம், வளாகத்தில் புதைத்த அத்தனை பேருக்கும் பொதுவாக அந்த ஒரு சிலுவைதான். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறு பவனி அங்கே வந்து நின்றுதான் ஜெபம் சொல்லும். பிரசங்கம், பொது அறிவிப்புகூட அந்தப் படிகளில் நடந்திருக்கிறது.

தலை போனதற்கு மழையையும் காற்றையும் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இங்கிலாந்து, ரோமில் இருக்கும் போப்பின் திருச்சபையைவிட்டுப் பிரிந்த 16ஆம் நூற்றாண்டிலேயே உடைப்பு தொடங்கிவிட்டது. அப்புறம் உள்நாட்டுப் போர் நடுவே, 1643இல், தேவாலயத்தில் மட்டுமல்ல, அதன் வளாகத்தில் இருக்கிற சிலுவைகளையும் அகற்றச் சொல்லி நாடாளுமன்றமே ஆணை போட்டது. தலைப்பகுதியில்தான் அறையுண்ட இயேசு, மரியாள் உருவங்கள் இருந்தன, உடைத்தவர்களுக்கோ அது உருவ வழிபாடு, அதனால் முதல் அடி அதற்குத்தான். நாடு முழுக்க, சாலையோரம், சந்தை எல்லாம் சேர்த்து, 12,000க்கு மேல் சிலுவைகள் நின்றிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். முழுசும் உடைந்ததுமாக இன்று 2,000கூட இல்லை. சில ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள்: குளோஸ்டர்ஷயரில் ஆம்ப்னி குரூசிஸ் என்ற ஊர்ச் சிலுவையின் தலை, தேவாலயச் சுவருக்குள் வைத்து அடைக்கப்பட்டிருந்து, 19ஆம் நூற்றாண்டில் கிடைத்து மறுபடி தூணில் ஏறியது.

கேள்வி: தலையோடு நிற்கும் பழைய சிலுவை ஒன்று சொல்லுங்களேன்?

பதில்: வடமேற்கு இங்கிலாந்தின் கும்ப்ரியாவில், காஸ்ஃபோர்த் ஊரில் நிற்பது. 10ஆம் நூற்றாண்டு, சுமார் 4.4 மீட்டர், ஒல்லியான செந்நிறக் கல். அடியில் உருண்டை, மேலே போகப்போகச் சதுரம். கிட்டே போய்ப் பார்த்தால்தான் வேடிக்கை. ஒரு பக்கம் இயேசுவின் சிலுவைப்பாடு, இன்னொரு பக்கம் வடக்கே இருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகளின் புராணக் கதை: கட்டிப்போட்ட லோகி என்ற குறும்புத் தெய்வத்தின்மேல் பாம்பின் விஷம் சொட்டாமல் அவன் மனைவி சிகின் கிண்ணம் ஏந்திக்கொண்டிருக்கிறாள். ரெண்டையும் ஒரே கல்லில் செதுக்கியவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை!

ஒன்று கவனியுங்கள், தலையோடு நிற்பதெல்லாம் பழசு இல்லை. விக்டோரியா காலத்தில் பலவற்றுக்குப் புதுத் தலை வைத்தார்கள், முதல் உலகப் போருக்குப் பிறகு சிலவற்றைப் போர் நினைவுச் சின்னமாகவும் மாற்றினார்கள். படி தேய்ந்து, தூண் பொரிந்து, தலை மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படலாம்.